டிரிஃப்ட் கத்துக்கட்டுமா, வேண்டாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. என் தங்கை மகனுக்கு வயது 23. டிப்ளமா முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறான். அவன் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினான்: "கார் டிரிஃப்டிங் கிளாஸ் சேரலாம்னு இருக்கேன், யாரும் டென்ஷன் ஆகாதீங்க." அவ்வளவுதான். அவன் மாமா வரிசையாக மூன்று விபத்து வீடியோ அனுப்பினார். சித்தி ஒருத்தி குலதெய்வத்துக்கு முடிந்து வைத்துவிட்டதாக எழுதினாள். "சீக்கிரம் பொண்ணு பாருங்க, எல்லாம் அடங்கிடும்" என்று இன்னொருவர். (எல்லா நோய்க்கும் நம் வீட்டில் ஒரே மருந்து.) தங்கை எனக்குப் போன் போட்டு அழுதாள். "அக்கா, நீ சொன்னா கேப்பான். நீ வேணாம்னு சொல்லு."

நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று குழுவில் எழுதினால் நடுவில் பத்து குட்மார்னிங் படம் வந்து விழும். அதனால் இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்த பலருக்கு இப்போது தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களுக்கும் இது உதவும்.

முதலில் பெரியவர்களுக்காக, டிரிஃப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வளைவில் காரின் பின்சக்கரங்கள் தரையின் பிடியை இழந்து வெளிப்பக்கமாகச் சறுக்கும். சாதாரணமாக அப்படி நடந்தால் அது விபத்தின் ஆரம்பம். டிரிஃப்டில் அதை ஓட்டுநரே வேண்டுமென்று செய்கிறார். வால் ஒரு பக்கம் போக, முன்சக்கரம் அதற்கு எதிர்ப்புறம் பார்க்க, கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் வளைவைக் கடக்கிறது. பார்ப்பவருக்கு வண்டி கைமீறிப் போனது போலத் தெரியும். ஓட்டுபவருக்குத் தெரிந்திருந்தால் அது கைக்குள்தான் இருக்கும்.

இது ஜப்பானில் வளர்ந்த வித்தை. 1970களில் குனிமிட்சு தகாஹாஷி என்ற பந்தய வீரர் வளைவுகளில் வண்டியை இப்படிச் சறுக்கவிட்டு ஓட்டினார். அவரைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா மலைப்பாதைகளில் பழகி, பிறகு பந்தயத் தடத்துக்கு வந்து, 'டிரிஃப்ட் கிங்' என்று பெயர் வாங்கினார். 1990களில் 'இனிஷியல் டி' என்ற படக்கதை வந்தது. விடியற்காலையில் மலைப்பாதையில் டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பையனின் கதை. உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் உங்களுக்குக் கதை சொல்வார்கள்.

ஆனால் ரீல்ஸில் காட்டாத ஒன்று உண்டு. அந்த நாட்டிலேயே மலைப்பாதை ஆட்டத்துக்குப் போலீஸ் விரட்டல் இருந்தது, உயிர்ச்சேதமும் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அந்த வித்தை மூடிய தடங்களுக்குள் வந்தது. 2000 வாக்கில் டி1 என்ற முறையான போட்டி தொடங்கியது. அதில் நடுவர்கள் கோணத்துக்கும் வேகத்துக்கும் எந்தக் கோட்டில் போகிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஃபுகுஷிமா மாநிலத்தில் எபிசு என்று ஒரு தடம். மலைச்சரிவில் பல சிறு தடங்களாக வெட்டியிருக்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் டிரிஃப்ட் பழக அங்கே வருகிறார்கள். அதே மலையில் பக்கத்திலேயே ஒரு சஃபாரி பூங்கா. ஒருபக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் டயர் புகை. இரண்டுக்கும் வேலி போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரிலும் பந்தயம் புதிதல்ல. என் சிறுவயதில் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான் கார் பந்தயம் நடக்கும். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்தது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் ஒரு தடம். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைப் பையன். வேகத்தை விரும்புகிற பிள்ளைகள் நம்மிடமும் எப்போதும் இருந்தார்கள். அவர்களை எந்த வேலிக்குள் ஓடவிடுவது என்பதுதான் கேள்வி.

இனி கொஞ்சம் அறிவியல். என்னிடம் ஏழாம் வகுப்பில் உராய்வுப் பாடம் படித்தவர்கள் தப்பிக்க முடியாது.

ஆயிரம் கிலோ காரைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது எது? நான்கு டயரும் தரையைத் தொடும் நான்கு இடங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைதான் மொத்தச் சொத்து. பிரேக் போடுவதும் வேகமெடுப்பதும் திரும்புவதும் எல்லாம் அந்தச் சொத்திலிருந்து எடுக்கும் செலவு. பிரேக்குக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. மழை பெய்தால் சொத்தே பாதியாகக் குறைந்துவிடும். செலவு வரவை மீறும் கணத்தில் டயர் சறுக்கும். ஒருமுறை சறுக்கத் தொடங்கிவிட்டால் உராய்வு இன்னும் குறையும். நிலை உராய்வைவிட நழுவு உராய்வு குறைவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, அதுதான்.

வேகத்தின் கணக்கு இன்னும் மோசம். 40-ல் போகிறவன் 80-ல் போனால், இரண்டு மடங்குதானே என்று நினைக்கிறான். வண்டியில் இருக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. வளைவில் தேவைப்படும் பிடியும் நான்கு மடங்கு. உள்ளங்கை மட்டும் அதே உள்ளங்கை.

முன்சக்கரம் பிடி இழந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். பின்சக்கரம் பிடி இழந்தால் வால் வெளியே வரும். வால் வலப்பக்கம் போனால் ஸ்டீயரிங்கையும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். கண் மட்டும் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், மோதப்போகும் மரத்தைப் பார்க்கக் கூடாது. படித்தால் ஒரு வரி. ஆனால் அந்த அரை நொடியில் மனிதன் இயல்பாகச் செய்வது பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் மரத்தையே பார்ப்பதும்தான்.

நம் பள்ளி மைதானம் நினைவிருக்கிறதா? வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் மண்தரை. சாயங்காலம் மணியடித்ததும் சைக்கிளை வேகமாக ஓட்டி வந்து, பின் பிரேக்கை மட்டும் பிடித்து, மண்ணில் அரைவட்டம் போட்டு நிற்பீர்கள். யார் வட்டம் பெரிது என்று செருப்பால் கோடு கிழித்து அளப்பீர்கள். அப்போது வால் போகும் பக்கம் உங்கள் ஹேண்டில்பார் தானாகத் திரும்பியது. யாரும் சொல்லித் தரவில்லை. முட்டி தேய்ந்து தேய்ந்து உடம்பு கற்றுக்கொண்டது. காரில் அப்படி முட்டி தேய்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் அதற்கு வாத்தியாரும் மைதானமும் தேவைப்படுகிறது.

"டீச்சர், உங்களுக்கு என்ன தெரியும் இதைப்பற்றி" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். நான் 51 வயதில் லைசென்ஸ் எடுத்தவள். பந்தயக்காரி அல்ல. ஆனால் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அது சரியான வகுப்பா இல்லையா என்று எனக்குத் தெரியும். 34 வருடம் அந்த வேலைதான் பார்த்தேன். என் பழைய மாணவன் ஒருவன் கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். அவனிடம் சொன்னதும், தனக்குத் தெரிந்தவர்கள் பயிற்சி நடத்தும் ஒரு மூடிய சிமெண்ட் களத்துக்கு என்னை அழைத்துப் போனான். ஒரு முழுக் காலையும் உட்கார்ந்து பார்த்தேன்.

களத்தைச் சுற்றி நூறடிக்கு எதுவும் இல்லை. மரம் இல்லை, கம்பம் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. தண்ணீர் லாரி ஒன்று வந்து தரையை நனைத்துவிட்டுப் போனது. ஏன் என்று கேட்டேன். ஈரத்தரையில் மெதுவாகப் போகும்போதே வண்டி சறுக்கிவிடும், அதனால் குறைந்த வேகத்தில் பாடம் நடத்தலாம், டயரும் தேயாது என்றான். எனக்கு அந்த வாத்தியார் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. பாடம் அதேதான், விழுந்தால் அடி மட்டும் குறைவு.

நடுவில் ஒரே ஒரு கோன். வண்டி பழைய பின்சக்கர இழுவைக் கார். உள்ளே இருந்த தண்ணீர் பாட்டில், போன், ஜாக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்கள். சுற்றும்போது உள்ளே கிடக்கும் ஜாக்கி பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். வீல் நட்டு, டயர் காற்று, கூலன்ட் பார்த்தார்கள். ஹெல்மெட், பெல்ட், பக்கத்தில் தீயணைப்பான். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் களத்தில்.

முதல் பாடம் என்ன தெரியுமா? சறுக்குவது அல்ல, நிறுத்துவது. வண்டி சுற்றிவிட்டால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து, நிற்கும்வரை அப்படியே இரு. கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் விடாதே, சுழன்று வந்தால் அடித்துவிடும். இதையே கால்மணி நேரம் பழக்கினார். அதன் பிறகுதான் கோனைச் சுற்றி வட்டம். இரண்டாவது கியரில் மெதுவாக வட்டமடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்த, வால் வெளியே வர, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

அன்று கற்றுக்கொள்ள வந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு முறை வண்டி முழுதாகச் சுற்றி, வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டாவது முறைதான் பாதி வட்டம் பிடித்தான். பயந்துபோய் சட்டென்று காலை எடுப்பதுதான் அவன் பிரச்சினை. அப்படி எடுத்தால் பின்டயர் திடீரென்று தரையைக் கவ்வும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்தப் பக்கம் வண்டி வீசி அடிக்கும். சாலையில் இப்படித்தான் வண்டி எதிர்த்திசைக்குப் பாய்கிறது. அந்த வாத்தியார் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, "இப்ப என்ன நடந்துச்சு, நீ சொல்லு" என்று கேட்டார். அவன் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த சுற்று. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பிழையைத் திருத்துவதற்கு முன், அது என்ன பிழை என்று பிள்ளையின் வாயால் சொல்லவை.

எட்டு போடுவது, வளைவுகளைக் கோத்துப் போவது எல்லாம் அதற்குப் பிறகு வரும் வகுப்புகள். ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டேன். அம்பாசடரும் பழைய பியட்டும் பின்சக்கர இழுவை. மாருதி 800 வந்த பிறகு நம் வீட்டு வாசலில் நிற்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. அதில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் வால் சறுக்கும், உண்மைதான். ஆனால் அதை ஆக்சிலேட்டரால் தாங்கிப் பிடித்துக்கொண்டே போக முடியாது. அது டிரிஃப்டே அல்ல, வெறும் வழுக்கல். உயரமான எஸ்யூவி வண்டிகளில் செய்வது இன்னும் ஆபத்து. பக்கவாட்டில் சறுக்கும்போது சக்கரம் ஒரு மண்மேட்டிலோ நடைபாதை விளிம்பிலோ தட்டினால் போதும், கவிழ்ந்துவிடும். அப்பா வாங்கிய காரில் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பும் பையனுக்கு இந்த ஒரு பத்தியையாவது படித்துக் காட்டுங்கள்.

இதுவரை படித்துவிட்டு, "சரி, கற்றுக்கொண்டால் பாதுகாப்புதானே, எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிடலாம்" என்று யாராவது நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நார்வேயில் பனிக்காலத்தில் சாலையெல்லாம் கண்ணாடி. அதனால் 1979-ல், புதிதாக ஓட்டுபவர்களுக்குச் சறுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். எல்லோரும் விபத்து குறையும் என்று எதிர்பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்துப் பார்த்தால், இளைஞர்களிடையே வழுக்கும் சாலை விபத்து கூடியிருந்தது! காரணம் என்ன? பயிற்சி முடித்தவன் "எனக்குத்தான் தெரியுமே" என்று இன்னும் வேகமாகப் போனான். ஒரு நாள் வகுப்பில் கைக்கு வந்த வித்தை சில மாதத்தில் மறந்துபோகும், தலைக்கு ஏறிய நம்பிக்கை மட்டும் இறங்காது.

பிறகு 1990களில் ஸ்வீடனில் ஒரு சோதனை செய்தார்கள். இளம் ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழுக்கும் தரையில் வண்டியைச் சமாளிக்கும் வித்தையைப் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு, அதே தரையில், தங்களால் சமாளிக்க முடியாமல் போவதை உணரவைத்தார்கள். பின்னால் சோதித்தபோது இரண்டு குழுவின் திறமையும் ஒன்றுதான். ஆனால் வித்தை பழகிய குழு தன்னைப் பற்றி மிக உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டது. தான் எழுதாத மார்க்கைத் தானே போட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் பார்த்து அந்த நாடுகள் பாடத்தின் நோக்கத்தையே மாற்றின. சறுக்கலை வெல்லக் கற்பிப்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் பிடி நழுவும் என்று காட்டுவது முக்கியம் என்றார்கள்.

கிணற்றில் நீச்சல் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. முதுகில் சுரைக்குடுவை கட்டியிருக்கும் சிறுவன் மூழ்குவதில்லை. நீச்சலே தெரியாதவன் கிணற்றுப் பக்கம் போவதில்லை. நான்கு நாள் கையடித்துவிட்டு, குடுவையைக் கழற்றிவிட்டு, மேலே இருந்து குதிப்பவனைத்தான் தேடிப்போய் எடுப்பார்கள்.

நான் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர், ஊர் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்த பையன். கணக்கில் சுமார், படம் வரைவதில் கெட்டிக்காரன். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை ராத்திரியில் நண்பனின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனான். புதிதாகப் போட்ட மனைப்பிரிவு, வீடே வராத காலி ரோடு. ஓட்டிய நண்பன் வளைவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வால் போய் சிறுபாலத்துச் சுவரில் அடித்தது. அடித்த இடம் பின்கதவு. மற்ற இருவரும் பிழைத்தார்கள்.

பதினாறாம் நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்தப் புள்ளைக்கு ஓட்டத் தெரியாதுன்னு இல்ல டீச்சர். இதுக்கு முன்னாடி பத்து வாட்டி பண்ணிக் காட்டியிருக்கானாம். அதான் இவனும் ஏறிட்டான்."

பத்து முறை சரியாக வந்தது. அந்தப் பத்து முறையும் காய்ந்த தரை. பதினோராவது முறை ஈரம். களத்தில் நான் பார்த்த பையன் பதினோரு முறை தோற்ற பிறகு பாதி வட்டம் பிடித்தான். இந்த நண்பன் ஒருமுறைகூடத் தோற்காமல் பதினோராவது முறைக்குப் போனான். அவனுக்குத் தோற்பதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கவில்லை.

இதனால்தான் தங்கச்சியிடம் நான் வேண்டாம் என்று சொல்லச் சம்மதிக்கவில்லை. ஆசை வந்துவிட்டது. வீட்டில் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று நினைக்கும் அளவுக்கு அவனுக்கு நல்ல புத்தி இருக்கிறது. நாம் எல்லோரும் சேர்ந்து கத்தினால் ஆசை போய்விடுமா? கேட்கும் பழக்கம்தான் போகும். அடுத்த முறை குழுவில் எழுத மாட்டான். ராத்திரி பதினொரு மணிக்கு, "பிரண்ட் வீட்டுக்குப் போறேன்மா" என்று சொல்லிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவான். கடல்மணல் படிந்த ரோடு அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளைகள் யாராவது சலுகை கேட்பதற்கு முன். பொதுச்சாலையில் இதைச் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ன்படி ஆபத்தாக ஓட்டிய குற்றம். முதல் முறைக்கே சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்திருந்தால் 2019-ல் வந்த 199ஏ பிரிவு பெற்றோரைத் தேடி வரும். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று எழுதியிருக்கும். மூடிய களத்தில் சேர்வதற்கு முன்னும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே அடிபட்டால் யார் பொறுப்பு, எந்தக் காப்பீடு என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

டிரிஃப்டே வேண்டாம், நான் உண்டு என் ஆபீஸ் உண்டு என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சறுக்கல் உங்களைத் தேடி வரும். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் நெல்லும் உளுந்தும் காயும், அதன்மேல் பிரேக் போட்டால் கோலிக்குண்டின் மேல் நிற்பது போலத்தான். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது ஸ்டீயரிங்கை ஆட்டாமல் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அவசர பிரேக் போட்டால் பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். அது கோளாறு அல்ல, பயந்து காலை எடுக்காதீர்கள்.

ஆஸ்திரியாவில் 2003 முதல் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் பிறகு ஒரு நாள் மூடிய தடத்தில் இதையெல்லாம் அனுபவித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். நனைந்த தரையில் ஒருமுறைகூட பிரேக் அடித்துப் பார்க்காதவர்கள்தான் நாளை நம் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிறார்கள். ஆர்டிஓ அலுவலகங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஈரக்களம் அமைத்தால் என்ன குறைந்துவிடும்? என்னிடம் படித்தவர்களில் இரண்டு பேர் அரசுப் பணியில் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

இப்போது என் தங்கை மகனுக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், கண்ணா. பெரியம்மா உன் பக்கம்தான், ஆனால் சும்மா இல்லை. வகுப்பில் சேர்வதற்கு முன் நான் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் காலி இடம் இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம். வாத்தியார் முதல் நாளே உன்னைப் புகழ்ந்தால் அந்த வாத்தியாரும் வேண்டாம். உன் அப்பாவின் கார் களத்துக்கு வரக்கூடாது, அவர்கள் வண்டியில்தான் பழக வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வீடியோவும் போடக் கூடாது. கைதட்டலுக்காகச் சறுக்கத் தொடங்கினால் அடுத்த கைதட்டலுக்கு ரோட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். உன்னோடு காரில் வேறு யாரையும், குறிப்பாகப் பின்சீட்டில், ஏற்றக் கூடாது. ரோட்டில் ஒரே ஒருமுறை செய்தாய் என்று என் காதில் விழுந்தால், லைசென்ஸை என் பீரோவில் கொண்டுவந்து வைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போ. நீ இதற்குச் சம்மதம் என்று குழுவில் எழுது. எல்லோரும் பார்க்கட்டும்.

தங்கச்சி, கட்டணத்தில் பாதி என் பென்ஷனிலிருந்து. மீதி அவன் சம்பளத்திலிருந்து, உன்னிடம் ஒரு பைசா கேட்கக் கூடாது. வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு நான் வீட்டுக்கு வருகிறேன். நீயும் எங்களோடு வா. அந்தக் களத்தில் நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள். மாமாவும் வருவதானால் வரட்டும், வீடியோக்களை வீட்டில் வைத்துவிட்டு.

டயர் கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய பின்டயர் நான்கைந்து ஒதுக்கி வையுங்கள். வெடிப்பு விட்டதும் கம்பி தெரிவதும் வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும், அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பணம் கொடுத்துத்தான் வாங்குவேன், "டீச்சருக்கு ஃப்ரீ" என்று ஆரம்பிக்காதீர்கள்.